நான்காம் படிவத்தில் தொடங்கும் மருத்துவம்



மருத்துவம் படிக்க விரும்பும் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியிலும் கல்லூரியிலும் எப்படித் தயாராக வேண்டும் என்று அறக்கட்டளையார் பேசச் சொன்னார்கள். நான் மருத்துவன் அல்லன். ஆறாம் படிவத்தில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன். ஒரு மருத்துவரை அழைத்திருந்தால் அவர் தாம் வந்த வழியைச் சொல்லியிருப்பார். வாத்தியாருக்கு வழியிலேயே நின்றுபோனவர்களையும் தெரியும். அந்த ஒரு தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

நம் பினாங்கில் டாக்டர் கனவுக்குப் பஞ்சமே இல்லை. மேடானிலிருந்து விமானம் ஏறி வைத்தியத்துக்கு ஆட்கள் வரும் தீவு இது. ரெசிடென்சி சாலையில் பெரிய ஆஸ்பத்திரி. பக்கத்திலேயே சிப்பாய் லைன்ஸ் சாலையில் 1996இல் அயர்லாந்துக் கல்லூரிகளின் கூட்டுறவில் தொடங்கிய பினாங்கு மருத்துவக் கல்லூரி. இப்போது அதற்குப் பெயர் மாறிவிட்டது, ஆனால் டாக்சிக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னாலும் கொண்டுபோய் விடுவார். சுற்றுவட்டாரத்தில் தனியார் மருத்துவமனைகள் வரிசையாக நிற்கின்றன. பிள்ளை பிறந்த வீட்டில் ‘டாக்டர் வந்துட்டாரு’ என்று கொஞ்சுகிறோம். ஆசையில் குறை இல்லை. ஆசைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் நடுவில் இருக்கும் ஏழெட்டு ஆண்டுகளை நாம் எப்படிச் செலவழிக்கிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

இந்த ஊர்ப் பள்ளியிலிருந்து கிளம்பிய மருத்துவர்களில் உலகம் அறிந்தவர் வூ லியன் தே. 1879இல் இங்கே பிறந்தார். அப்பா சீனாவிலிருந்து வந்த பொற்கொல்லர். பையன் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் படித்தார். 1896இல் மகாராணியார் உபகாரச் சம்பளத்தை வென்று கேம்பிரிட்ஜின் எமானுவேல் கல்லூரிக்குப் போனார். அந்தப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்த முதல் சீனர் அவர்தான்.   

தேர்வில் முதலிடம், உபகாரச் சம்பளம், வெளிநாட்டுப் பட்டம் என்றதும் நம் வீடுகளில் கதை முடிந்துவிடும். மாலை போட்டுப் படம் எடுத்து மாட்டிவிடுவோம். வூ லியன் தேயை உலகம் நினைவில் வைத்திருப்பது அதற்குப் பிறகு நடந்ததற்காக. 1910 டிசம்பர், மஞ்சூரியாவில் ஹார்பின் நகரம். ஆட்கள் இரத்தம் துப்பி ஓரிரு நாளில் செத்துக்கொண்டிருந்தார்கள். பிளேக் என்றால் எலி, எலியின் மேல் தெள்ளுப்பூச்சி, அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டி என்றுதான் அன்றைக்கு எல்லாரும் படித்திருந்தார்கள். வூ லியன் தே இறந்துபோன ஒரு ஜப்பானியப் பெண்ணின் உடலை அறுத்துப் பார்த்தார். திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். கிருமி பிளேக் கிருமிதான், ஆனால் நோய் நுரையீரலில் இருக்கிறது, ஒருவர் மூச்சிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது என்ற முடிவுக்கு வந்தார். பஞ்சை மெல்லிய துணியில் மடித்துச் செய்த முகக்கவசத்தைக் கட்டிக்கொள்ளும்படி எல்லாருக்கும் சொன்னார். அவரைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அதை ஏற்கவில்லை. கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாளில் அதே நோயில் இறந்துபோனார். ஏறக்குறைய 60,000 பேரைக் காவு வாங்கிய அந்தக் கொள்ளைநோய் சில மாதங்களில், 1911இல் அடங்கியது.

மெஸ்னி படிக்காதவர் அல்லர். பிளேக்கை முன்பே பார்த்தவர். முன்பு பார்த்ததையே மறுபடி பார்த்தார், அவ்வளவுதான். முப்பத்தோரு வயது வூ லியன் தே எதிரே கிடந்ததைப் பார்த்தார். மருத்துவத்துக்குத் தயாராவது என்று நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். இது கேம்பிரிட்ஜில் வருவதில்லை. நான்காம் படிவத்து ஆய்வுக்கூடத்தில் வந்தால் வரும், அங்கே தவறினால் பிறகு வரவழைப்பது பெரும்பாடு.

எப்படி என்று கேட்பீர்கள். நான்காம் படிவத்தில் வெங்காயத் தோலை உரித்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாடம் ஒன்று உண்டு. உள்பக்கத்துச் சவ்வை இடுக்கியால் மெல்ல உரித்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் மிதக்கவிட்டு, ஐயோடின் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியால் மூட வேண்டும். மாணவர்கள் அவசரத்தில் அதைப் பொத்தென்று போடுவார்கள், உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். ஆகவே வகுப்பில் முக்கால்வாசிப் பேருடைய கண்ணில் முதலில் விழுவது கறுப்பு விளிம்போடு உருண்டையாக நிற்கும் ஒரு காற்றுக் குமிழி. சரி, பார்த்ததை வரையுங்கள் என்பேன். தாளை வாங்கிப் பார்த்தால் அத்தனை பேரும் செங்கல் அடுக்கியதுபோல் கலங்களை வரைந்து, ஒவ்வொன்றின் நடுவிலும் உட்கருவைப் பொட்டாக வைத்திருப்பார்கள். அது பாடப்புத்தகத்துப் படம். சிலர் கண்ணை வில்லையில் வைப்பதற்கு முன்பே வரைந்து முடித்திருப்பார்கள். குமிழியை வரைந்து ‘சார், இது என்ன?’ என்று கேட்கும் பிள்ளை எப்போதாவது ஒன்று வரும். விடைத் திட்டத்தில் குமிழிக்கு மதிப்பெண் கிடையாது. ஆஸ்பத்திரியில் பாதி வேலை குமிழியை அடையாளம் காண்பதுதான்: எக்ஸ்ரேயில் தெரிவது நோயா, நோயாளி மூச்சை அடக்காததால் வந்த மங்கலா என்று.

மதிப்பெண் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். மதிப்பெண் இல்லாமல் கதவே திறக்காது. மலேசிய மருத்துவ மன்றம் வைத்திருக்கும் குறைந்தபட்சத் தகுதி, ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் ஐந்து பாடங்களில் பி: உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் அல்லது கூடுதல் கணிதம், இவற்றோடு இன்னொரு பாடம். இது வாசற்படி மட்டும்தான். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பவர்கள் இதைவிட எங்கோ மேலே நிற்பார்கள். ஆனால் வாசற்படியிலேயே தடுக்கி விழுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மூன்றாம் படிவ முடிவில் பாடத் தேர்வுத் தாள் ஒன்று வீட்டுக்கு வரும். அறிவியல் துறை, கலைத் துறை என்ற பழைய பிரிவு 2020லிருந்து போய்விட்டது. இப்போது பாடத் தொகுப்புகள். ஒரு தொகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணினியும் இருக்கும், உயிரியல் இருக்காது. இன்னொன்றில் உயிரியல் இருக்கும், இயற்பியல் இருக்காது. தாள் மலாயில் இருக்கிறது, பையன் ‘சைன்ஸ்தாம்மா’ என்கிறான், அம்மா கையெழுத்துப் போட்டுவிடுகிறார். ஐந்தாம் படிவ முடிவில் ஏ-க்களை வரிசையாக வாங்கிக்கொண்டு, ‘சார், மருத்துவத்துக்கு விண்ணப்பிக்கணும்’ என்று வந்து நிற்பான். உயிரியல் இருக்காது. அந்தக் கையெழுத்தைப் போடுகிற அன்று அரை மணி நேரம் உட்கார்ந்து தாளைப் படிக்க ஆள் இருந்தால் போதும். தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பு வழியாக வரும் பிள்ளைகளின் வீடுகளில் அந்த அரை மணி நேரத்துக்கு ஆள் இல்லை. பி.டி.3 தேர்வும் 2022இல் போய்விட்டதால், பிள்ளை எந்தப் பாடத்தில் எங்கே நிற்கிறது என்று வெளியாள் சொல்ல வழியும் குறைந்துவிட்டது.

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு மெட்ரிகுலேஷனா, ஆறாம் படிவமா, தனியார் கல்லூரியா என்ற கேள்வி வரும். மெட்ரிகுலேஷன் ஓராண்டு. கெப்பாளா பத்தாஸ் பொங்சு செரிபுவில் இருக்கிறது நம் மாநிலத்துக் கல்லூரி. அதன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ரா மாணவர்களுக்கு என்பதும், மீதியில்தான் நாம் நிற்கிறோம் என்பதும் உங்களுக்குத் தெரிந்த பழைய மனக்குறை. 10 ஏ-யும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இனம் பார்க்காமல் இடம் தருவதாக 2024இல் பிரதமர் அறிவித்தார். நல்லது. 9 ஏ எடுத்த பிள்ளையின் வீட்டில் இன்னும் அதே தவிப்புதான்.

ஆறாம் படிவத்து எஸ்.டி.பி.எம். தேர்வு என்றாலே பயப்படுகிறார்கள். உலகத்திலேயே கடினமான தேர்வு என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தி கோயில் திருவிழாக்கள்வரை உலவுகிறது. மூன்று பருவம், ஒவ்வொன்றின் முடிவிலும் நாடு தழுவிய தேர்வு, ஆய்வுக்கூட வேலைக்குத் தனி மதிப்பெண். கடினம்தான், மறுக்கவில்லை. நான் பார்த்த அளவில் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டைத் தாங்கும் முதுகெலும்பு ஆறாம் படிவத்தில்தான் வளர்கிறது. வாத்தியார் எல்லாவற்றையும் ஊட்டமாட்டார், நூலகத்தில் தேடித்தான் ஆக வேண்டும், ஒரு கேள்விக்கு இரண்டு பக்கம் கோவையாக எழுதத் தெரிய வேண்டும். செலவு என்று பார்த்தால் பேருந்துக் கட்டணமும் சாப்பாடும் புத்தகமும்தான். ஆறாம் படிவ வாத்தியார் வேறு என்ன சொல்வார் என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. சிரியுங்கள். ஆனால் மெட்ரிகுலேஷன் இடம் வரவில்லை என்று ஓராண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டுப் பிறகு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

பல்கலைக்கழகத் தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. நம் பிள்ளைகள் அந்தப் பத்தைச் சான்றிதழ் சேர்க்கும் வேலையாக மாற்றிவிட்டார்கள். ஒரே சனிக்கிழமையில் மூன்று போட்டி, மூன்று சான்றிதழ். எனக்கு அதில் மதிப்பில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைச் சாலையில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சீருடையில் மாணவர்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு முந்தைய நாள் வெள்ளி இரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் உடைபடும். சீன வியாபாரிகளும் மலைமலையாகக் குவித்து உடைப்பார்கள். வெறுங்காலோடு நடப்பவர்களின் பாதத்தில் ஓட்டுச் சில்லு ஏறும். நான்காம் படிவத்து மாணவி ஒருத்தி முதலுதவிப் பந்தலில் ஒரு பெரியவரின் காலை மடியில் வைத்துக்கொண்டு சில்லை எடுத்ததை ஒருமுறை நின்று பார்த்தேன். கை நடுங்கியது. முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். மஞ்சள் எது, இரத்தம் எது, தார் எது என்று தெரியவில்லை. மறுபடி கழுவினாள். பெரியவர் வலியில் திட்டினார். ‘இருங்க தாத்தா, இன்னும் ஒண்ணு இருக்கு’ என்றாள். சில்லை எடுத்துக் கட்டுப் போட்ட பிறகு, ‘உங்களுக்கு இனிப்புநீர் இருக்கா?’ என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது. இருந்தால் அந்தக் காயம் ஆறுவது வேறு கதை, மறுநாள் கிளினிக்குக்குப் போகச் சொல்லியாக வேண்டும். பத்து விழுக்காடு என்பது இதற்காக வைத்தது. இரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறதா, திட்டுகிறவர் காலைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக இருக்க முடிகிறதா என்பதைப் பதினாறு வயதில் தெரிந்துகொள்வது, மூன்று லட்சம் வெள்ளி கட்டிய பிறகு தெரிந்துகொள்வதைவிட எல்லாருக்கும் நல்லது.

என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப் பாடம் கொடுப்பதுண்டு. வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் உட்கார்ந்து, அவர் என்ன மருந்து எப்போது சாப்பிடுகிறார் என்று எழுதி வர வேண்டும். கேட்பதற்கு எளிது. பாட்டி ‘மருந்தெல்லாம் சாப்பிடறேன்’ என்பார். பாதிப் பேர் அதை எழுதிக்கொண்டு வந்துவிடுவார்கள். மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்டவர்களுக்குத்தான், ‘ராத்திரி மாத்திரை தீந்துபோச்சு, வாங்கியாற ஆளில்ல’ என்பதும், ‘சாப்பிட்டா தலை கிறுகிறுங்குது, அதான் பாதியா ஒடைச்சுப் போட்டுக்கறேன்’ என்பதும் வரும். அதை அப்படியே தமிழில் எழுதி, பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதச் சொல்வேன். பல்கலைக்கழகப் பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். அரசுப் பணிக்கு எஸ்.பி.எம். மலாய் வேண்டும். வார்டில் மூன்றாவது கட்டிலில் இருக்கும் ஆச்சி ஹொக்கியனில் முனகுவார். இந்தத் தீவில் மருத்துவராக இருக்கப் போகிறவர் இத்தனைக்கும் காது கொடுக்கப் பழக வேண்டும். ‘பையாலஜி டெர்ம்ஸ் எல்லாம் மனப்பாடம் சார்’ என்கிற மாணவன் பாட்டியின் பையைத் திறக்காமல் வந்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

நமக்கு இதில் ஒரு பழைய முன்மாதிரியும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1848 முதல் தமிழ் இளைஞர்களுக்கு மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் தொடங்கியவர், 1860களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியியல் எல்லாவற்றுக்கும் தமிழ்ப் புத்தகம் அச்சிட்டார். படித்தவர்கள் ஊர்களிலேயே தங்கி வைத்தியம் பார்க்க வேண்டும், நோயாளி சொல்வது அவர்களுக்கும் அவர்கள் சொல்வது நோயாளிக்கும் புரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். பிற்காலத்தில் மலாயாவுக்கு வந்த யாழ்ப்பாணத்தார் பலர் இங்கே ஆஸ்பத்திரி வேலைகளில் அமர்ந்தார்கள். தோட்டங்களில் ‘டிரஸர் ஐயா’ என்று அழைக்கப்பட்டவர்களிடம் பட்டம் இருக்கவில்லை, ஆனால் காய்ச்சல்காரனின் கண்ணிமையை இழுத்துப் பார்த்துச் சோகை எவ்வளவு என்று சொல்லத் தெரியும். 1963இல் மலாயாப் பல்கலைக்கழகத்து மருத்துவத் துறைக்கு முதல் டீனாக அமர்ந்தவரும் ஒரு தமிழர்தான், பேராசிரியர் டி. ஜே. தனராஜ். வேரில்லாத ஆசை இல்லை நம்முடையது.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் பெற்றோர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். தனியார் கல்லூரியில் மருத்துவம் என்றால் மூன்று லட்சம் வெள்ளியில் தொடங்கி ஐந்து லட்சத்தையும் தொடும். நம் சமூகத்தின் முயற்சியில் 2001இல் கெடாவில் தொடங்கிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நம்மில் பலரை டாக்டராக்கியது. பி.டி.பி.டி.என். கடன், எம்.ஐ.இ.டி. கடன், இந்து அறப்பணி வாரியத்தின் கல்வி உதவி எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் கூட்டினாலும் கட்டணத்தில் ஒரு பங்குதான். மீதிக்கு வீட்டை அடகு வைக்கிறார்கள். அதுவும் முடியாதவர்கள் முகவர் பேச்சைக் கேட்டு மலிவான வெளிநாட்டுக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். போகலாம், தவறில்லை. மணிப்பாலில் படித்து வந்து இங்கே பேர் வாங்கிய மருத்துவர்கள் எத்தனையோ பேர். ஆனால் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் அந்தக் கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று விமான டிக்கெட் வாங்கும் முன் பார்க்க வேண்டும். பெயர் இல்லையென்றால் திரும்பி வந்து தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும். இருக்கும் பெயரும் நீங்கலாம். 2005இல் கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை அரசு விலக்கிக்கொள்ள முடிவு செய்தபோது நம் சமூகத்தில் எத்தனை வீடுகள் கலங்கின என்பது இங்கே நரைத்த தலைகளுக்கு நினைவிருக்கும்.

பட்டம் வாங்கியதும் கதை முடிவதில்லை. இரண்டாண்டு ஹவுஸ்மேன் பயிற்சி. நான்கு மாதத்துக்கு ஒரு துறை என்று ஆறு துறை சுற்ற வேண்டும். 2016 டிசம்பரிலிருந்து அரசுப் பணி ஒப்பந்தத்தில்தான் தொடங்குகிறது. நிரந்தரம் எப்போது என்று தெரியாத நிலையில் 2021 ஜூலை 26 அன்று இளம் மருத்துவர்கள் கறுப்பு உடையில் ஆஸ்பத்திரிகளுக்கு வெளியே வந்து நின்றார்கள். கோவிட் உச்சத்தில் இருந்த நாள்கள் அவை. இப்போது சிலர் சிங்கப்பூருக்குப் போகிறார்கள், சிலர் வேறு தொழிலுக்கே போய்விட்டார்கள். இதையெல்லாம் பிள்ளையிடம் மறைத்து, ‘டாக்டரானா வாழ்க்கை செட்டில்’ என்று சொல்லிப் படிக்கவைப்பது நியாயமில்லை. தெரிந்தும் வருகிறேன் என்கிற பிள்ளையைத் தாராளமாக அனுப்புங்கள். பிசியோதெரபி, மருந்தியல், மருத்துவ ஆய்வுக்கூடம், தாதியர் பணி என்று ஆஸ்பத்திரிக்குள் வேறு வாசல்களும் இருக்கின்றன. அவற்றைத் தோற்றவர்களின் வாசல் என்று பேசும் பழக்கத்தை நம் கல்யாண வீடுகள் விட்டால் பல பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

கடைசியாக அறங்காவலர்களிடம் ஒரு விண்ணப்பம். ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். முடிவு வந்ததும் 8 ஏ, 9 ஏ வாங்கியவர்களை மேடைக்கு அழைத்துப் பணமுடிப்பு தருகிறோம். அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே வாசற்படியைத் தாண்டிவிட்டவர்கள். பணத்தில் பாதியை இரண்டு ஆண்டு முன்னால் கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள். மூன்றாம் படிவத்துப் பாடத் தேர்வுத் தாள் வரும் பருவத்தில், மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளிலிருந்து இடைநிலைப்பள்ளிகளுக்குப் போன பிள்ளைகளின் பெற்றோரை வட்டாரவாரியாகக் கூட்டி, அந்தத் தாளைத் தமிழில் விளக்க ஓர் ஆசிரியரை அமர்த்துங்கள். பட்டர்வொர்த், நிபோங் திபால் பக்கமிருந்து ஆறாம் படிவம் வருகிறவர்களுக்குப் பேருந்துக் கட்டணமும் ஃபெரி கட்டணமும் கொடுங்கள். சனிக்கிழமைகளில் திறந்திருக்கும் ஓர் அறை, நாலைந்து நுண்ணோக்கி, பொறுமையான ஓர் ஆய்வுக்கூட உதவியாளர் போதும். பரிசளிப்பு விழாவின் பந்தல் செலவைக் குறைத்தாலே முதல் ஆண்டுக்கு வரும் என்று பொருளாளரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறேன், தாள் அவரிடம் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுவீர்கள் என்ற நம்பிக்கையோடு அமர்கிறேன். கேள்வி நேரம் இருக்கிறது என்றார்கள். பெற்றோர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், மாணவர்கள் முதலில் கேட்கட்டும்.